விஷாகாவின் போனில் தெலுங்கு

1

இந்தக் கதை பொறாமையில் தொடங்கியது. துக்கத்தில் தொடங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மனைவியை இழந்தவன் எழுதுகிற கதை என்றால் நீங்கள் அதைத்தான் எதிர்பார்ப்பீர்கள். எனக்கு அது வரவில்லை. சில மாதங்கள் காத்திருந்தும் பார்த்தேன். வந்தது இதுதான்.

நடந்ததை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறகு கதையாக்கப் பார்க்கிறேன்.

என் மனைவி விஷாகா 2009 ஜனவரியில் மூளைக்காய்ச்சலில் இறந்தாள். வயது இருபத்தெட்டு. புதுப்பட்டினம் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ரெஜினா என்ற தோழியோடு சேர்ந்து ஒரு கடை நடத்திவந்தாள். ஜெராக்ஸ், ரீசார்ஜ், மின் கட்டணம். அதற்கு முந்தைய வருஷம் ஒரு கம்பெனி, செல்போன் வழியாகவே பணம் அனுப்புகிற வசதியைச் சில கடைகளுக்குச் சோதனையாகக் கொடுத்தது. அதற்கென்று ஒரு போன். போனுக்குள் ஒரு அப்ளிகேஷன். வாடிக்கையாளர் கையில் உள்ள பணத்தைக் கடையில் கொடுத்தால், கடைக்காரர் அதை இன்னொரு ஊரில் இருக்கிற இதே மாதிரிக் கடைக்கு போனிலேயே அனுப்பிவிடலாம். அங்கே வீட்டார் வாங்கிக்கொள்வார்கள். அந்த போனை விஷாகாதான் வைத்திருந்தாள்.

அவள் போன பிறகு அது மருத்துவமனைப் பையோடு வீட்டுக்கு வந்தது. மே மாதம்தான் அதற்கு சார்ஜ் போட்டேன். அப்ளிகேஷனைத் திறந்தேன். திரை முழுக்கத் தெலுங்கு.

விஷாகாவுக்குத் தெலுங்கு தெரியாது.

[இந்த வாக்கியத்தை உறுதியாக எழுதிவிட்டேன். திருத்த வேண்டி வருமா என்று பிறகு பார்க்கலாம். இப்போதைக்கு இருக்கட்டும்.]

அவள் திருக்கழுக்குன்றத்தில் பிறந்தவள். அப்பா கோயில் அலுவலகத்தில் எழுத்தர். வீட்டில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம். ஐந்து வருஷம் அவளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறேன். ஒரு தெலுங்குச் சொல்கூட அவள் வாயில் கேட்டதில்லை. எனக்குத் தெரியாமல் அவளிடம் ஒரு மொழி இருந்திருக்கிறது. அந்த மொழி அவளுக்குத் தனியாக வந்திருக்க முடியாது. யாரோ கொடுத்திருக்க வேண்டும்.

இதுதான் கதை பிறந்த இடம். அழகான இடம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "சதுரங்கப்பட்டினத்துக் கரையில் கடல் அன்றைக்கு"

அன்றைக்கு என்ன? கடல் எப்போதும் போலத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "இறந்தவளின் கட்டைவிரல் கடைசியாக எந்தப் பொத்தானை அழுத்தியது என்பது அவனுக்குத்"

'அவன்' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அவன் என்று எழுதினால் என்னால் எதையும் எழுத முடியும். அவனை அழவைக்க முடியும். நான் அழவில்லை. வேண்டாம்.

மூன்றாம் தொடக்கம், ரெஜினா வீட்டுக்கு வந்தது. இது ஓடுகிறது. காரணம் ரெஜினா. அவள் வாயைத் திறந்தால் கதை தானாக நகர்ந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தாள். வாசலில் நின்றபடியே ஆரம்பித்தாள்.

"அண்ணா, அந்த போனு எங்க கீது?"

"உள்ள இருக்கு."

"சார்ஜ் போட்டியா?"

"போட்டேன்."

"நல்லதாப் போச்சு. கம்பெனிக்காரன் வந்து ஒரே பேஜாரு. இந்த மாசத்துக்குள்ள போன்ல வேல நடக்கலன்னா வாங்கிகினு போயி எதிர்க்கடைக்காரனுக்குக் குடுத்துருவானாம். அப்பறம் நானு ஜெராக்ஸ் மெஷினக் கட்டிப்புடிச்சிகினு ஒக்கார வேண்டியதுதான். அத வச்சி ரெண்டு புள்ளைங்களக் காப்பாத்த முடியுமா, நீயே சொல்லு."

உள்ளே போய் போனை எடுத்துவந்து அவளிடம் நீட்டினேன். திரையைக் காட்டினேன். அவள் முகம் மாறும் என்று எதிர்பார்த்தேன். மாறவில்லை.

"ஆமா. தெலுங்கு. அவ அப்டிதான் வச்சிருப்பா."

நான் திரையை என் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"உனுக்குத் தெரியாதா?" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "உனுக்குச் சொல்லலியா?"

இரண்டாவது கேள்வியை அவள் கேட்காமல் இருந்திருக்கலாம்.

"யாரு வச்சுக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"ராஜாராம். மேஸ்திரி. ஆந்திராக்காரரு. சனிக்கெழம சனிக்கெழம ஆளுங்கள இட்டுகினு வருவாரே."

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அதுவும் சரிதான். நீ செங்கல்பட்டு காலேஜ் ஆபீசுலேந்து வந்து எறங்கறதுக்குள்ள நாங்க ஷட்டர எறக்கிட்டு இருப்போம்."

"என்ன வயசு?"

"யாருக்கு?"

"மேஸ்திரிக்கு."

ரெஜினா என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். இழவு விழுந்த வீட்டில் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று அவளுக்கே தோன்றியிருக்க வேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐய, உன் புத்தி போற போக்கப் பாரு. தமிழுக்கு மாத்திக் குடுண்ணா, நான் போறேன். நான் அந்த போனத் தொட்டதே இல்ல. ஜெராக்ஸ் எனுக்கு, போனு அவளுக்கு. பாகம் பிரிச்சி வச்சிருந்தோம்."

மாற்ற முடியவில்லை என்று சொன்னேன். எந்த வரியைத் திறந்தாலும் நான்கு இலக்க ரகசிய எண் கேட்கிறது. இரண்டு முறை போட்டேன். இரண்டு முறையும் சிவப்பாக ஏதோ வந்தது. தெலுங்கு தெரியாவிட்டாலும் சிவப்பு தெரியும்.*

ரெஜினா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"மூணாவதும் தப்பாப் போட்டா பூட்டிக்கும் அண்ணா. அப்பறம் பேரு கொடுத்தவங்க நேருல வந்து கையெழுத்துப் போடணும். அவள எங்கேந்து இட்டாறது?"

* முதல் எண் எங்கள் கல்யாண நாள். இரண்டாவது என் பிறந்த நாள். இதைக் கதைக்குள் வைத்தால் சிரிப்பீர்கள். அதனால் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறேன்.

3

ராஜாராமைப் பார்ப்பதற்கு முன்பே அவனை எழுதிவிட்டேன்.

முதல் வரைவில் அவனுக்கு உயரம் கொடுத்தேன். மீசை கொடுத்தேன். சிரித்தால் கன்னத்தில் குழி விழுந்தது. எழுதி முடித்துப் படித்தபோது, நானே அவளாக இருந்தாலும் அவனோடு பேசியிருப்பேன் என்று தோன்றியது. கிழித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவில் அவனுக்கு ஐம்பத்தைந்து வயது கொடுத்தேன். ஒரு காலை நொண்டியாக்கினேன். வெற்றிலைக் கறை வைத்தேன். படித்தால் நிம்மதியாக இருந்தது. ஆனால் இப்படிப்பட்டவனைப் பார்த்து எவன் பொறாமைப்படுவான்? கதை செத்துவிட்டது. காலைத் திருப்பிக் கொடுத்தேன்.

எழுதுகிறவனுக்கு இது ஒரு வசதி என்று சொல்கிறார்கள். பிடிக்காதவனைக் காகிதத்தில் என்னவேண்டுமானாலும் செய்யலாம். நான் கண்டது வேறு. அவனுக்கு நான் எதைக் கொடுத்தாலும், எதைப் பிடுங்கினாலும், சனிக்கிழமை மாலை அவனுக்குத்தான் இருந்தது. அதைப் பிடுங்க என்னால் முடியவில்லை. அந்த நேரத்தில் நான் செங்கல்பட்டில் மாணவர் சேர்க்கை விண்ணப்பங்களை எண்வரிசைப்படி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

உயிரோடு இருக்கிறவள் மேல் வருகிற பொறாமைக்கு ஒரு வழி இருக்கிறது. கேட்கலாம், கத்தலாம், கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுக்கலாம். அவள் ஒரு பொய்யாவது சொல்லுவாள். அதைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் ஓட்டலாம். இறந்தவள் மேல் வருவதற்கு எந்த வழியும் இல்லை. அது சும்மா

[இந்தப் பத்தி எங்கே போகிறதென்று தெரிகிறது. நிறுத்திக்கொள்கிறேன்.]

நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். அவளுக்கு யார் அதிகம் நெருக்கம்? பதில் நான் என்று வர வேண்டும். வராவிட்டால் இந்த ஐந்து வருஷத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியாது. கதையில் பணயம் என்ன என்று யாராவது கேட்டால் இதைக் காட்டுங்கள். ரெஜினாவின் கடை இரண்டாவதுதான். வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் வரிசை.

4

ராஜாராமின் ஆட்கள் இப்போது மாமல்லபுரம் பக்கம் ஒரு விடுதிக் கட்டட வேலையில் இருப்பதாக ரெஜினா விசாரித்துவந்தாள். நான் தனியாகப் போய்வருகிறேன் என்றேன்.

"ஒண்ணியும் வேணாம். நானும் வரேன். மூஞ்ச இப்டி வச்சிகினு போனீன்னா அவரு போலீசுன்னு நெனச்சி ஓடிருவாரு."

பேருந்தில் ஜன்னலோரம் அவள் உட்கார்ந்துகொண்டாள். வழியெல்லாம் பேசினாள். எனக்குத் தெரியாத விஷாகா ஒருத்தி அந்தப் பேச்சில் இருந்தாள். கடைக்குள் பாட்டுப் பாடுகிற விஷாகா. பிரியாணி வாங்கிவரச் சொல்லி, வீட்டில் சொல்லாதே என்று ரெஜினாவிடம் சத்தியம் வாங்குகிற விஷாகா. நாங்கள் வீட்டில் முட்டைகூடச் சமைத்ததில்லை.

[இதற்கும் பொறாமைப்பட்டேன். ரெஜினா மேல். கதையின் ஒழுங்கு கெட்டுவிடும் என்பதால் இத்தோடு விடுகிறேன்.]

"முதல்ல தமிழ்லதான் வச்சிருந்தா," என்றாள் ரெஜினா.

"பிறகு ஏன் மாத்தினா?"

"அந்தத் தமிழ நீ பாத்திருக்கணுமே. 'பணம் அனுப்பு'ன்னு போட்டா ஆகாதா? 'தொகைப் பரிமாற்றம் துவக்குக' அப்டின்னு கீது. இன்னாடி இது, சண்டைக்கு ஆள் எடுக்கறானான்னு கேட்டேன். வெளிய வர்றதுக்கு 'அகல்க'. யாரு அகலணும்? நானா, கஸ்டமரா? ரெண்டு பேரும் வுழுந்து வுழுந்து சிரிப்போம்."

"அதனாலயா மாத்தினா?"

"அத நீ அவர்கிட்டயே கேளு. என் வாயால நான் சொன்னா நம்ப மாட்ட."

உண்மை. நம்பியிருக்க மாட்டேன்.

5

மூன்றாவது ராஜாராம், நிஜமானவன், முப்பது முப்பத்திரண்டு வயதுக்காரன். உயரம் என் அளவுதான். கால் இரண்டும் சரியாக இருந்தன. கன்னத்தில் குழி இல்லை. மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தான். தலைமுடியில் சிமென்ட்டுத் தூசி.

கட்டட வாசலுக்கு எதிரே இருந்த டீக்கடையில் உட்கார்ந்தோம். ரெஜினா என்னை அறிமுகம் செய்தாள்.

"இவருதான் விஷாகா வூட்டுக்காரரு."

அவன் எழுந்துவிட்டான். இரண்டு கையையும் கூப்பினான். பிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் ஹெல்மெட்டைத் தேடினான்.

"ஊருக்குப் போயிருந்தேன் சார். சங்கராந்திக்கு. திரும்பி வந்தா கடை மூடி இருக்கு. பக்கத்துல சொன்னாங்க, அக்கா இல்லன்னு. வேற கடைக்குப் போயிட்டாங்க போலன்னு நெனச்சேன். உங்க பாஷையில 'இல்ல'ன்னா செத்துட்டாங்கன்னும் அர்த்தம் இருக்குன்னு எனக்குத் தோணல. அப்பறம்தான் தெரிஞ்சுது."

அக்கா என்றான். [முதல் வரைவில் இந்தச் சொல்லை அவனுக்கு நான் கொடுக்கவில்லை. கதை கெட்டுவிடும் என்று பயந்தேன். அவனே கொண்டுவந்துவிட்டான். அக்கா என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எனக்கு ஆகவில்லை.]

"அக்கா பேரு எங்க ஆளுங்களுக்கு ரொம்ப இஷ்டம்," என்றான். "ஊருக்குப் போறப்ப விசாகப்பட்டினத்துலதான் ரயில் மாறுவோம், நாங்க விசாகான்னுதான் சொல்லுவோம். அங்கேந்து ஸ்ரீகாகுளம் கிட்ட. சனிக்கிழமை வந்தா 'விசாகா போலாமா'ன்னு கேப்பாங்க. கடைக்குப் போலாமான்னு அர்த்தம்."

அந்தப் பெயரை நட்சத்திரம் பார்த்து வைத்ததாக அவள் அப்பா சொல்லியிருக்கிறார். நான் அதை அப்படியே வைத்திருந்தேன். இவர்கள் அதற்கு ஒரு ரயில் நிலையம் கட்டியிருக்கிறார்கள்.

போனை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"இதுல தெலுங்கு எதுக்கு?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

அவன் ரெஜினாவைப் பார்த்தான். ரெஜினா டீயைப் பார்த்தாள்.

அவன் சொன்னது இது. அவன் தமிழ் கொஞ்சம் தடுக்கும். நான் செப்பனிட்டுத் தருகிறேன்.

முன்பு அவர்கள் எதிர்க்கடையில்தான் பணம் அனுப்பினார்கள். அந்தக் கடைக்காரர் எண்ணைப் போட்டுவிட்டுத் திரையைக் காட்டி, சரியா என்று கேட்பார். திரையில் ஆங்கிலம். ஆட்கள் தலையாட்டுவார்கள். வேலை செய்கிற ஊரில் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுவது அவர்கள் வழக்கம். புரிந்ததா? ஆட்டு. சாப்பிட்டாயா? ஆட்டு. அப்பாசாமி என்ற பையனுக்கு ஒரு முறை அப்படித் தலையாட்டியதில் பணம் வேறு எங்கோ போய்விட்டது. நீதானே சரி என்றாய் என்று கடைக்காரர் கேட்டார். அவர் கேட்டதும் நியாயம்தான். தெருவில் கைகலப்பு ஆனது. விஷாகா தன் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த சனிக்கிழமை எங்களக் கூப்பிட்டாங்க. 'நீங்க எல்லாம் என்ன படிப்பீங்க?'ன்னு கேட்டாங்க. தெலுங்கு கொஞ்சம் படிப்போம்னேன். போனை எடுத்து, எது எங்க எழுத்துன்னு என்னைக் காட்டச் சொல்லி அங்கயே மாத்திட்டாங்க. மாத்திட்டு எங்க பக்கம் திருப்பி வச்சுட்டாங்க சார்."

"திருப்பின்னா?"

அவன் செய்து காட்டினான். போனை மேஜையில் வைத்து, திரை என்னைப் பார்க்கும்படி திருப்பினான். அவனுக்கு எல்லாம் தலைகீழ். அந்தப் பக்கத்திலிருந்தே கட்டைவிரலை நீட்டினான்.

"இப்படித்தான். நாங்க ஒவ்வொரு வரியும் சத்தமாப் படிப்போம். பேரு, ஊரு, நம்பரு. படிச்சு முடிச்சதும் 'கரெக்டா?'ன்னு கேப்பாங்க. 'அவுனு'ன்னு வாயால சொல்லணும். ஆமான்னு அர்த்தம். தலையாட்டினா ஒத்துக்க மாட்டாங்க. வாயத் தொறந்து சொன்னாத்தான் கடைசிப் பொத்தான்."

"அவளுக்குப் படிக்கத் தெரியாதே. எந்த வரி எங்க இருக்குன்னு எப்படி?"

"எடத்த மட்டும் கேட்டுகிட்டாங்க. மேலேந்து மூணாவது, அதுல ரெண்டாவது, அப்படி. எழுத்து நான் சொல்லித் தர்றேன்னேன் சார். வேணாம்னுட்டாங்க." அவன் கொஞ்சம் சிரித்தான். "'நான் படிச்சா நீங்க படிக்க மாட்டீங்க'ன்னாங்க."

[விஷாகாவுக்குத் தெலுங்கு தெரியாது. வாக்கியம் நிற்கிறது. நான் ஜெயித்துவிட்டதாகத்தான் தோன்ற வேண்டும்.]

தோன்றவில்லை. நான் பூட்டிய கதவை அவள் ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். நான் நிரப்பிய கேஸ் விண்ணப்பத்தை மறுபடி படிப்பாள். கேட்டால், "உங்களை நம்பாம இல்ல, எனக்குப் பழக்கம்" என்பாள். அப்படிப்பட்டவள் ஒவ்வொரு சனிக்கிழமையும் தனக்குப் படிக்கத் தெரியாத ஒரு திரையை முன்பின் தெரியாத ஒருவன் படிக்க, அவன் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தியிருக்கிறாள். பழக்கம் எங்கே போனது?

ஒரு ஆளாக இருந்திருந்தால் வெறுத்திருக்கலாம். இது ஒரு வேன் நிறைய ஆட்கள்.

6

ரகசிய எண் பிரச்சினையை ரெஜினா சொன்னாள். இரண்டு வாய்ப்புப் போய்விட்டது, ஒன்றுதான் பாக்கி என்றும் சொன்னாள். எந்த எண்களைப் போட்டேன் என்பதைச் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியாது.

ராஜாராம் டீ கிளாஸைக் கீழே வைத்தான். காதைத் தேய்த்துக்கொண்டான்.

"சார் தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லு."

"நம்பர் எனக்குத் தெரியாது. ஆனா அக்கா வெரலு போற தாரி, அந்த வழி, தெரியும். ரொம்ப நாள் எதிர்ல நின்னோம் இல்லையா. நான் வேணும்னு பாக்கல. கண்ணுல பட்டுருச்சு."

"அடப்பாவி," என்றாள் ரெஜினா. "நான் மூஞ்சத் திருப்பிக்குவேன்யா அவ நம்பர் போடறப்ப."

"நீங்க பக்கத்துல அக்கா. நான் எதிர்ல."

ஒரு நாளும் நான் அவளுக்கு எதிரில் நின்று அவள் வேலை செய்வதைப் பார்த்ததில்லை. அந்த எண்ணை வைத்துக்கொண்டு அவன் என்னவேண்டுமானாலும் செய்திருக்கலாம். செய்யவில்லை. இந்த நேர்மை எனக்கு எரிச்சலாக இருந்தது. திருடனாக இருந்திருந்தால் கதைக்கும் எனக்கும் வசதி.

"போடு," என்றேன்.

போனை அவன் கையில் எடுக்கவில்லை. எந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துப் பழகினானோ அந்தப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். திரையைத் தன் பக்கம் திருப்பி வைத்தான். எட்டிக் கை நீட்டினான். பிறகு யோசித்துவிட்டு, இங்கிருந்து விரல் போகிற வழி வரவில்லை என்று எழுந்துவந்து, விஷாகா நிற்கிற பக்கத்தில், திரை தலைகீழாகத் தெரிய, நின்றுகொண்டான். எண்ணாக இல்லாமல் நடையாகத்தான் அது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"சார், பாத்துக்கோங்க. உங்க வீட்டுக்காரங்க போட்ட நம்பர்."

நான் இப்போது உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த எண் எனக்கு வேண்டும். கல்யாண நாள் இல்லை, என் பிறந்த நாள் இல்லை. அப்படியானால் எது? அது தெரிந்தால் பாதி தெரிந்துவிடும். அவன் விரலைப் பார்த்தால் போதும். மேஜைக்கு இந்தப் பக்கம் ஒரு முழ தூரம்.

நான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

அவளுடைய எண்ணைத் தொடும்போது அந்த முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. ஏதாவது ஒன்று தெரிந்துவிடும், அதைப் பிடித்துவிடலாம் என்று இருந்தேன். அவன் கண்ணைப் பாதி மூடியிருந்தான். உதடு அசைந்தது. விரல் நகர்கிற சத்தம் கேட்டது. பொத்தான்களின் சின்னச் சத்தம். அவ்வளவுதான். எண் போய்விட்டது. பார்க்கவில்லை.

கடைசிப் பொத்தானுக்கு முன்னால் அவன் நின்றான். தலையைத் தூக்கினான். காத்திருந்தான். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவனுக்கும் புரிந்திருக்காது. அந்த இடத்தில் ஒரு குரல் வர வேண்டும், வரவில்லை.

"கரெக்டா?" என்றாள் ரெஜினா.

விஷாகா மாதிரியே கேட்டாள். முதல் எழுத்தில் கொஞ்சம் அழுத்தம், கடைசியில் இழுவை. நானே ஒரு கணம் திரும்பிவிட்டேன்.

"அவுனு," என்றான் ராஜாராம். அதற்குள் அவன் முகம் உடைந்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுத் தோளால் கண்ணைத் துடைத்தான். சட்டையில் இருந்த சிமென்ட்டு கண்ணில் பட்டு இன்னும் அதிகமாக வழிந்தது. ரெஜினா அவனைத் திட்டிக்கொண்டே தன் முந்தானையை நீட்டினாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"கண்ணு கெட்டுரப் போவுதுய்யா. தேய்க்காத. சொன்னா கேளு."

நான் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன். என் கண் காய்ந்துதான் கிடந்தது. அந்தத் தெலுங்குக்காரனிடம் நான் பொறாமைப்பட வேண்டியதை அன்றைக்குத்தான் சரியாகக் கண்டுகொண்டேன். மொழியும் இல்லை, சனிக்கிழமையும் இல்லை. சிமென்ட்டு வழிகிற அந்த முகம். ஜனவரியிலிருந்து நான் தேடிக்கொண்டிருந்தது அவனிடம் இருந்தது. டீக்கடையில், நாலு பேர் பார்க்க, அவன் அதை அவ்வளவு சுலபமாகச்

[முடிக்க வேண்டாம்.]

7

திரை திறந்தது. ராஜாராம் மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே போனான். மொழிகளின் பட்டியல் வந்தது.

"தமிழ் வச்சுரட்டா சார்? ரெஜினாக்காவுக்கு அதான் லேசு."

"இரு," என்றாள் ரெஜினா. "தமிழ் வச்சா உங்க ஆளுங்க வருவாங்களா?"

"வருவாங்க. கூட்டிட்டு வரேன்."

"படிப்பாங்களா?"

அவன் யோசித்தான். "தலையாட்டுவாங்க," என்றான்.

"என்னால அவ மாரி கண்ணக் கட்டிகினு போட முடியாதுய்யா. ஒரு நம்பர் தப்பாச்சுன்னா நான் எங்க போறது?" பிறகு என்னைப் பார்த்தாள். "நீ சொல்லுண்ணா. உன் பொண்டாட்டி வச்சிட்டுப் போனது. எதுவா இருந்தாலும் நீ சொன்னாச் சரி."

இருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில் கதைக்கு முடிவு வேண்டும்.

ஒரு முடிவு: தமிழ் என்று சொல்கிறேன். ரெஜினா பிழைத்துக்கொள்வாள். விஷாகாவுக்கும் அந்த ஆட்களுக்கும் நடுவே இருந்தது ஒரு பொத்தானில் போய்விடும். அதைச் செய்தது நான் என்பதும், ஏன் செய்தேன் என்பதும் எனக்கு மட்டும் தெரியும். எழுதிப் பார்த்தேன். கை சுகமாக ஓடியது. அதனாலேயே நிறுத்தினேன்.

இன்னொரு முடிவு: தெலுங்கே இருக்கட்டும் என்கிறேன். ராஜாராம் என் கையைப் பிடித்துக்கொள்கிறான். படிக்கிறவர்கள் என்னை நல்லவன் என்பார்கள். நான் அப்படி இல்லை என்பதற்குத்தான் ஆறு பகுதி எழுதியிருக்கிறேன்.

மற்றொன்று: போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பேருந்து ஏறுகிறேன். யாருக்கும் கிடையாது. உண்மையைச் சொன்னால் முதலில் எழுதியது இதைத்தான். ரெஜினாவின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். கிழித்துவிட்டேன்.

இவற்றில் எதுவும் நடக்கவில்லை. "டீக்குக் கொடுத்துட்டு வரேன்" என்று எழுந்தேன். கல்லாவில் கொடுத்தேன். அங்கேயே நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் இருவரும் தாழ்ந்த குரலில் பேசுவது கேட்டது. ரெஜினா ஒரு முறை சிரித்தாள். ஒரு முறை "ஐயோ, அகல்கவா?" என்றாள். அதிலிருந்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பட்டியலைப் பார்த்துப் பழையதைச் சொல்லிக் காட்டியிருக்கலாம். திரும்பி வந்தபோது போன் ரெஜினாவின் பைக்குள் போயிருந்தது. நான் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை. ராஜாராம் மறுபடி கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.

மூடிக் கிடந்த கடையை ரெஜினா திறந்துவிட்டாள். கம்பெனிக்காரன் போனை வாங்கிக்கொண்டு போகவில்லை. சனிக்கிழமை கூட்டம் நிற்கிறது என்று பேருந்தில் யாரோ பேசிக்கொண்டார்கள். நான் இப்போது ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பின் தெரு வழியாக வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

அதனால் இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. அது புதுப்பட்டினத்தில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, ஒரு சின்னத் திரையில் இருக்கிறது. நீங்கள் அந்தப் பக்கம் போனால் இறங்குங்கள். யாருக்காவது கொஞ்சம் பணம் அனுப்புங்கள். ரெஜினா போனை எந்தப் பக்கம் வைக்கிறாள், அதில் என்ன மொழி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொல்லாதீர்கள். சொன்னால் அன்றைக்கே அந்தக் கடைக்குப் போய்ச் சண்டை போடுவேன். எந்த மொழியாக இருந்தாலும்.